தீர்மானம் எண் நான்கு

மின்வெட்டு ஏழு மணிக்கு என்றது அட்டவணை.
ஆறரைக்கே வந்துவிட்டது.
மெரிபேங்க் மண்டபத்தில்
கைபேசி வெளிச்சத்தைக் குடிநீர் போத்தலுக்கடியில் வைத்து
கூட்டத்தைத் தொடர்ந்தோம்.
மூடிப்போன எண்ணெய் ஆலையின் பக்கமிருந்து
கடற்காற்று மட்டும் கேட்காமல் உள்ளே வந்தது.

பதினொரு வருஷம் தலைவி நான்.
எந்த அதிகாரி எந்த நாளில் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்,
எந்தக் கவுண்டரில் அழுதால் வேலை நடக்கும்,
எங்கே மேசையைத் தட்டவேண்டும் –
எல்லாம் அத்துப்படி.
"உங்கள் மகன் கடிப்பானா?" என்று கேட்ட
உதவித்தொகை அலுவலரிடம்
"நான் கடிப்பேன்" என்று சொன்னவள்.
அந்தக் கதையை மாதம் ஒருமுறை
யாராவது சொல்லிச் சிரிப்பார்கள்.
நானும் சிரிப்பேன்,
முதல் தடவை கேட்பதுபோல.

தீர்மானம் எண் நான்கு:
சங்கத்துக்கு ஒரு வேன்.
பதினான்கு மாத அலைச்சல்.
வங்கிக்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்,
ஒரு நிபந்தனை மட்டும்:
இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில்
நாங்கள் யார் என்று எழுதியிருக்கவேண்டும்,
கீழே அவர்களுடைய சின்னம்.
நொம்பூசோ வழிமொழிந்தாள்.
"ஆட்சேபம் உண்டா?" என்றேன்,
அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டே.

தயாநிதி எழுந்து நின்றான்.
முப்பத்தெட்டு வயது. ஜேக்கப்ஸ் பட்டறையில்
அட்டைப்பெட்டி மடிப்பவன்.
ஒற்றை விரலை மேலே தூக்கினான்.

கழிப்பறைக்கு என்று நினைத்தேன்.
எழுதிவைக்கிறேன் இதை, மறைக்காமல்:
கழிப்பறைக்கு என்றுதான் நினைத்தேன்.
அவன் அம்மாவும் அப்படித்தான் நினைத்து
கைப்பையை எடுத்தாள்.

"டவுன்" என்றான் தயாநிதி.
விரல் இறங்கவில்லை.
"டவுனுக்கு இப்படி. டாக்சி நிக்கும்."
மூச்சு வாங்கினான்.
வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடையில்
அவனுக்கு ஒரு தெரு நடக்கவேண்டும்.
அந்த இடைவெளியில் நான் குறுக்கிட்டு
வாக்கியத்தை முடித்துக்கொடுப்பது வழக்கம்.
இருட்டில் என் வாய் திறந்தது.
நொம்பூசோ என் முழங்கையைப் பிடித்தாள்.

"வேன்ல எழுத்து இருக்கும்.
எல்லாரும் படிப்பாங்க.
அப்புறம் என்னைப் பாப்பாங்க.
டாக்சில எழுத்து இல்ல."

உட்கார்ந்தான்.
உடனே எழுந்து,
"வாடகை நான் குடுப்பேன்" என்று சேர்த்துக்கொண்டு
மறுபடி உட்கார்ந்தான்.

கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன்.
பதினான்கு மாதம்!
பிரிட்டோரியாவுக்கு இரண்டு இரவுப் பேருந்து,
வீங்கிய என் கால்கள்.
யாருக்காக?
கேட்டபிறகுதான் கேட்டது
அந்தக் கேள்வி எனக்கே:
யாருக்காக என்று
அவர்களில் ஒருவரையும் கேட்டதில்லை.
என் மகனுக்காகப் பேசிப் பேசி
என் குரல் அவன் குரல்மேல் ஏறி
சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

வாக்கெடுப்பு.
விதிப்படி பெற்றோருக்கு மட்டும்தான் கை.
விதியை எழுதியவள் நான்தான்,
நீலப் பேனாவில்.
"எல்லாரும் தூக்கலாம்" என்றேன்.
பொருளாளர் இருமினார்.
எண்ண முடியாத இருட்டு,
ஆளாளுக்கு விளக்கைத் தம் கைமேல் அடித்துக் காட்டினார்கள்.
வேண்டும்: பதினான்கு.
வேண்டாம்: பத்தொன்பது.
அந்தப் பத்தொன்பதில்
நான்காவது வரிசை ஓரத்தில்
என் மகனுடைய கையும்.
அது இடது கை என்பதை மட்டும்
குறிப்பேட்டில் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை
தயாநிதியோடு சாலையோரம் நின்றேன்,
தலைவி என்ற முறையில்,
கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி.
முதல் டாக்சி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது.
இரண்டாவது, பார்க்காமலே.
மூன்றாவதைத் துரத்தித் திட்ட
நான் ஓரடி எடுத்துவைத்தேன்.
"நில்லுங்க ஆன்ட்டி" என்றான்.
விரல் அப்படியே இருந்தது.

நான்காவது நின்றது.
ஒரே ஒரு இடம்தான்.
ஏறினான். எண்ணிவைத்த சில்லறையை
முன்னால் இருந்தவளின் தோள்வழியே அனுப்பினான்.
அது கைமாறி கைமாறி
ஓட்டுநரிடம் போய்ச் சேர்ந்தது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கதவு சர்ரென்று மூடிக்கொண்டது.

நான் போகவேண்டியதும் டவுனுக்குத்தான்.
கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
விரலைத் தூக்கினேன்.